நான் நிறுத்தி வைத்த ஒரு நாள்

அக்கா, இன்று மதியம் பைண்டிங் ஹாலில், இலங்கை அகதி முகாமிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண் தூக்குச்சட்டியைத் திறந்தாள். தேங்காயும் காய்ந்த செத்தல் மிளகாயும் இடித்த சம்பல், நீங்கள் கொண்டுவருவது போலவே. பசை வாடையைத் தாண்டி அந்த வாசனை என் மேஜை வரைக்கும் வந்தது. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் வந்த புதிதில் நம் திருத்தங்கல் நோட்டு பைண்டிங் யூனிட்டில் ஒருத்தருக்கும் உங்களைப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும்தான். "அவுகளுக்கு அரசாங்கம் அரிசி குடுக்கு, வீடு குடுக்கு. நம்ம வேலைக்கும் வந்துட்டாகளே" என்று தையல் மிஷினில் இருந்தவர்கள் உங்கள் காதில் விழும்படியே பேசினார்கள். அந்த வீடு ஒரே அறை, மழை பெய்தால் அடுப்புக்குள் தண்ணீர் நிற்கும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். நீங்கள் தலை நிமிராமல், "மன்னார் ஆக்கள்" என்றீர்கள். அவர்கள் கேட்டது சாதியை என்று உங்களுக்கும் தெரியும்.

பிறகு எல்லாம் மாறியது. பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாள் குறைந்தாலும் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவீர்கள். நீங்கள் பார்த்து அனுப்பிய லோடில் ஒரு நோட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. ரேஷன் கார்டுக்கு மனு எழுதித் தரச் சொல்லி உங்கள் முன்னால் வரிசையில் நின்றவர்கள் அதே தையல் மிஷின்காரிகள்தான்.

உங்களுக்கு இருந்த ஒரே கவலை மகள். மதுரையில் நர்சிங் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. முகாமில் உங்கள் பெயரில் பதிவு இருந்தால்தான் தாலுகா ஆபீசில் அவளுக்குச் சான்றிதழ் தருவார்கள். சான்றிதழ் இருந்தால்தான் காலேஜ். அந்தப் பதிவு நிற்க வேண்டுமானால், செக்கிங் நாளில் அதிகாரி பெயர் கூப்பிடும்போது நீங்கள் நேரில் நிற்க வேண்டும்.

பள்ளி திறக்கிற சீசன். அன்று சாயங்காலம் லோடு ஏற வேண்டும். நீங்கள் காலையிலேயே சூப்பர்வைசர் என்று என்னிடம் வந்து, "மத்தியானம் செக்கிங் இருக்கு, நான் போகவேணும்" என்றீர்கள்.

"ஒரு நாள்தானக்கா. நம்ம முதலாளி ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்கிடுவாக. நான் சொல்லச் சொல்லுதேன், நீங்க இருங்க" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்.

எங்கள் ஊரில் எதுவும் அப்படித்தான் நடக்கும். ஸ்கூல் சீட்டோ கரண்ட் கனெக்‌ஷனோ, தெரிந்தவர் ஒருவர் பேசினால் முடிந்தது. அப்படிப் பேச உங்களுக்கும் ஆள் இருப்பதாக நினைத்துவிட்டேன். என்னை நம்பி நீங்களும் இருந்துவிட்டீர்கள்.

அன்றே முகாம் பதிவிலிருந்து உங்கள் பெயரை அடித்துவிட்டார்கள். முதலாளியிடம் ஓடினேன். "முகாம் ஆளு நம்மகிட்ட வேல பாக்குதுன்னு நானே போய்ச் சொல்லவா? போலீசு வந்து நின்னா நீயா பதில் சொல்லுவ?" என்று கையை விரித்துவிட்டார். நான் தனியாகத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். "நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். நான்தான் தடுத்து வைத்தேன் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாலைந்து மாதம் அலைந்த பிறகு பெயர் திரும்ப ஏறியது. அதற்குள் காலேஜில் சேர்க்கை முடிந்திருந்தது.

நீங்கள் சண்டை போடவில்லை. "உங்களுக்கு ஒரு நாள் எண்டால் அது ஒரு நாள்தான், தங்கச்சி" என்று மட்டும் சொன்னீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சூப்பர்வைசர் என்கிற வீம்பு. விருதுநகர் எண்ணெய் பரோட்டா வாங்கி வந்து உங்கள் முன்னால் வைத்தேன். அதைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசித் துண்டை நீங்கள் தின்றீர்கள்.

அடுத்த வருடம் மகள் சேர்ந்தாள். அவள் படிப்பை முடிக்க நாலு மாதம் இருக்கும்போது மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஒரு வருடம் வீணாகாமல் இருந்திருந்தால், அவள் வெள்ளை உடுப்போடு வேலைக்குப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் இறந்த பிறகு வந்த முதல் செக்கிங்குக்கு, லீவு போட்டுவிட்டு அவளோடு போய் நின்றேன். உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். "இறந்துட்டாக சார்" என்று நான்தான் சொன்னேன். அதிகாரி கோடு போட்டார்.

திரும்பி வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்டைக்குச் செக்கிங்குக்குப் போற பஸ்ஸைத் தான்தான் விட்டதெண்டு அம்மா சொன்னவா. நீங்கள் அலைஞ்சுதான் பேர் திரும்பி வந்ததாம். சாகுமட்டும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தவா, சித்தி."

நான் தலையை ஆட்டினேன். இன்று வரைக்கும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை, அக்கா.