விளாத்தி முள்ளில் கேட்ட குரல்

மச்சான்,

நேற்றுப் பின்னேரத்திலிருந்து உன்னுடைய கிராமபோன் ஊசிப்பெட்டி என் சட்டைப் பையில் கிடந்து கிலுங்குகிறது. வாய்க்காலுக்குப் போனாலும் கிலுங்குகிறது, சைக்கிளில் ஏறினாலும் கிலுங்குகிறது. "அதை எங்கையாவது வையுங்கோவன், தலை இடிக்குது" என்று வீட்டில் பேச்சு. அலுமாரியில் வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் பொறுக்கவில்லை, திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். உனக்கு ஒரு பதில் சொல்லக் கிடக்கிறது. அதைச் சொல்லி முடிக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நாங்கள் வட்டக்கச்சிக்கு வந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் லொறியிலிருந்து மண்வெட்டியும் கோடாலியும் இறக்க, நீ சாரத்தில் சுற்றிய கிராமபோனை இறக்கினாய். உன் மனைவி தலையில் கை வைத்தா. "காடு வெட்ட வந்த மனிசன் பாட்டுப்பெட்டியைக் காவிக்கொண்டு வருகுது, பாருங்கோ!" நீ எங்கே அதைக் கேட்டாய்? அவருடைய இசைத்தட்டுகள் ஆறும் உடையாமல் வந்தனவா என்று ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவர் என்றால் அவர்தான். நமக்குள் பெயர் தேவைப்பட்டதில்லை. மீசை அரும்பிய வயதில், யாழ்ப்பாணத்துக் கொட்டகையில் நாம் ஒட்டியிருந்து கேட்ட, அக்கரை இந்தியாவிலிருந்து வந்த நாடகக்காரர். பிறகு படம், இசைத்தட்டு என்று ஊரெல்லாம் பெயர் போனவர். ஐந்து கட்டைச் சுருதியில், ஒலிபெருக்கி இல்லாமல், கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கப் பாடுவார். அந்த ஐந்து கட்டைக்காக எத்தனை பேரோடு சண்டை பிடித்திருப்போம்! புதுப் பாட்டுக்காரரை யாராவது புகழ்ந்தால் நீ சாப்பிடாமலே எழும்பிவிடுவாய்.

கொண்டுவந்த ஊசிகள் தேய்ந்துபோனபோது கிளிநொச்சியில் எந்தக் கடையிலும் ஊசி இல்லை. நீ வேலியோரத்து விளாத்தி மரத்தில் முள் முறித்து, அளவாக நறுக்கி, நுனி சீவிப் பூட்டினாய். எனக்கு விசர் வந்தது.

"தட்டுப் பழுதாகப்போகுது, எடடா!"

"சும்மா இருந்து கேள்."

முள்ளில் அவர் குரல் தணிந்து, பக்கத்துக் கதிரையில் இருந்து பாடுவதுபோல வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. "இது அவரின்ர குரலே இல்லை" என்றேன். "இதுவும் அவர்தான்" என்றாய். பிறகு ஊசி கிடைத்தும் நீ முள்ளை விடவில்லை. அது உன் பிடிவாதம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நீ நெஞ்சு நோவோடு ஆஸ்பத்திரியில் படுத்த கிழமை பார்த்துத்தானா அவர் இங்கே திருவிழாவுக்கு வர வேண்டும்? என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "எனக்கும் சேர்த்துக் கேள். ஒண்டும் விடாமல் வந்து சொல்லு." உனக்கு இனி அவரைக் கேட்கக் கிடைக்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பின்னேரம் மேடை ஏறினார். தலைக்கு மை பூசி, பல் கட்டியிருந்தார். நம்முடைய பாட்டைத்தான் முதலில் எடுத்தார், அதே ஐந்து கட்டையில். மேலே போகும் இடத்தில் குரல் கிழிந்தது. பின்னால் நின்ற இளந்தாரிகள் விசிலடித்தார்கள். "அப்பு, காணும், இறங்கணை!" அவர் நிறுத்தினார். மேடையை விட்டு இறங்கவில்லை. பிறகு ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பி, சுருதியை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்குத் தாங்கவில்லையடா. என் தகப்பனைச் சந்தியில் வைத்து அவமானப்படுத்தியதுபோல இருந்தது. சைக்கிளை எடுத்தேன். பின்னால் ஆர்மோனியம் திரும்பத் தொடங்கியது கேட்டது. கேட்கக் கூடாதென்று உழக்கினேன்.

மறுநாள் உன் கட்டிலடியில் வந்து நின்றபோது நீ கேட்ட முதல் கேள்வி, "எத்தினை கட்டை?"

"ஐஞ்சுதான் மச்சான். இறங்கவேயில்லை."

என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "பொய் சொல்லாதை. ஒரு மூடை நெல்லுத் தூக்க எங்களுக்கே மூச்சு வாங்குது. அவர் எங்களுக்குப் பத்து வயசு மூப்பு. இறக்கிப் பாடினவரோ?"

"ஓம்."

"அப்பிடிச் சொல்லு." உன் முகத்தில் ஒரு சந்தோசம். "இறக்கிப் பாடேக்கை எப்பிடி இருந்தது?"

எனக்குத் தெரியாது. நான் நிற்கவில்லை என்று சொன்னேன். நீ கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். "அவர் நிண்டவர்தானே, நீ ஏன் நிக்கேல்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். நாலாம் நாள் போய்விட்டாய்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் உன் மனைவி இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தா. "உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்." வாங்கி அலுமாரிக்குள் தள்ளினேன். திறக்கத் துணிவு வரவில்லை. அவருடைய பாட்டு எங்கே கேட்டாலும் அந்தப் பக்கம் போகாமல் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போனேன். நீ கேட்ட கேள்வி மட்டும் எந்த ஒழுங்கையிலும் என்னை விடவில்லை.

நேற்றுச் சந்திக் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனேன். கடைக்கார நானா வானொலியைத் திருப்பிவிட்டிருந்தார். அவர்தான், பழைய தட்டு இல்லை, இப்போதைய குரலில் புதிதாகப் பாடுகிறார். நம்முடைய அதே பாட்டு. கால் தன்பாட்டில் சைக்கிள் பக்கம் திரும்பியது. பிடித்து நிறுத்தினேன்.

"ஏன் நிக்கிறியள்? கதிரை கிடக்குது, இருங்கோவன்" என்றார் நானா.

"வேண்டாம் நானா. நிண்டே கேக்கிறன்."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். ஒரு ஊசிகூட இல்லை. அத்தனையும் நீ சீவிய முள்.

மச்சான், நீ கேட்டதற்குப் பதில் இதுதான். இரண்டரைக் கட்டை இருக்கும். மேலே போகும் இடத்தை அவர் விட்டுவிடவில்லை, தணிவாகத் தொட்டார். உன் விளாத்தி முள்ளில் கேட்ட அதே குரல். கடைசிவரை பாடினார்.

கடைசிவரை நின்றேன்.