உன்னை மூன்று முறை டிஸ்சார்ஜ் செய்தார்கள்

நேற்று ஆஸ்பத்திரியில் என் மனைவியின் கட்டிலருகே வந்து நின்ற நேர்ஸ், சிரித்த முகத்தோடு, "நாளைக்கு உங்களை டிஸ்சார்ஜ் பண்ணுவம் அம்மா" என்றாள். பித்தப்பைக் கல்லுக்குச் செய்த சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரிகூடச் சந்தோஷப்பட்டாள். நான் மட்டும் வெளியே வந்து விறாந்தையில் நின்றேன். அந்தச் சொல்லை யார் சொன்னாலும் நீதான் வந்து நிற்கிறாய், மச்சான்.

அதை என்னிடம் கொண்டுவந்தவனே நீதான். நான் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த புதிது. நீ துறைமுகத்தில், கப்பல் சாமான் இறக்கும் ஒரு தனியார் கொம்பனியில் மேற்பார்வையாளன். வேலை முடிந்து கிண்ணியா பஸ் வரும்வரை கடற்கரையில் கச்சான் கடலை கொறித்தபடி இங்கிலீஷ் சொற்களோடு மல்லுக்கட்டுவோம். அப்படியொரு மாலையில், "இண்டைக்குக் கப்பல் டிஸ்சார்ஜ், இடுப்பு முறிஞ்சிட்டுது" என்றாய். அன்று காலையில்தான் ஒரு வைத்திய அறிக்கையில் அதே சொல் எனக்கு வந்திருந்தது. அங்கே அது காதிலிருந்து வடியும் சீழ். நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிறகு அந்தச் சொல்லை விடாமல் துரத்தினோம். கப்பலில் என்றால் இறக்குவது. துவக்கில் என்றால் சுடுவது. பற்றரியில் என்றால் மின் தீர்ந்துபோவது. கடமையோடு வந்தால் நிறைவேற்றுவது, உத்தியோகத்தோடு வந்தால் வீட்டுக்கு அனுப்புவது. "என்னடா சொல்லு இது, போற வீட்டுக்கெல்லாம் ஒரு பேர் வெச்சிருக்கு!" என்றாய். அதற்குப் பதிலாக ரிலீஸ், டிஸ்மிஸ், அன்லோட் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாய். ஒன்றுமே எல்லா இடத்துக்கும் சரிவரவில்லை. அந்த வயதில் அது எங்களுக்கு விளையாட்டு.

இரும்புக் கம்பிக் கட்டுகளோடு அந்தக் கப்பல் வந்தபோது உனக்குக் கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கிரேனின் வடத்தில் இழைகள் பிரிந்து நிற்பதைக் கண்டு வேலையை நிறுத்தச் சொன்னாய். கப்பல் உரிய நேரத்துக்கு வெளிக்கிட வேண்டும் என்று மனேஜர் உன்னை ஒதுக்கிவிட்டு ஆட்களுக்கு நேரடியாகக் கட்டளையிட்டார். சற்று நேரத்தில் வடம் அறுந்தது. கப்பலின் அடியறையில் நின்ற மூதூர்ப் பொடியன் ஒருவன் அந்தக் கட்டின் கீழேயே செத்துப்போனான்.

நீ சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கிரேன் ஓட்டியவர். மற்றவர் கப்பலின் மேல்தட்டில் நின்று கையால் சைகை காட்டியவர். இருவரும் உன் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்தவர்கள். பொலிஸ் வந்து கேட்டபோது இருவரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "அவர் ஒண்டும் சொல்லேல்ல." மனேஜரும் அதையேதான் சொன்னார்.

கொம்பனி உனக்கு இங்கிலீஷில் ஒற்றை வரி எழுதி அனுப்பியது. எனக்குப் போன் எடுத்தாய். "மச்சான், என்னையும் டிஸ்சார்ஜ் பண்ணிட்டானுகள். இரும்பு இறக்கின மாதிரி இறக்கி வெச்சிட்டானுகள்." சிரிக்கத்தான் தொடங்கினாய். பாதியில் போனை வைத்துவிட்டாய்.

கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாக உன்மேல் வழக்கு. தவணைக்குத் தவணை நீ வெள்ளைச் சேட்டைத் தோய்த்து மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். ஓட்டோ ஓடித்தான் குடும்பத்தைப் பார்த்தாய். வழக்கு இழுபட்டு இழுபட்டு, முறைப்பாட்டுப் பக்கம் நடத்த ஆளில்லாமல் போய், ஒருநாள் நீதவான் உன்னைப் போகச் சொன்னார். கோட்டு வாசலில் உன் மனைவி மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். நீ அவர்களிடம் போகாமல் நேரே என்னிடம் வந்தாய்.

"டிஸ்சார்ஜ் எண்டுதானே சொன்னவர்? அக்விட் எண்டு சொல்லல்லயே?"

"ஓம். டிஸ்சார்ஜ்தான்."

"ரெண்டும் ஒண்டா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீயும் விட்டிருக்க மாட்டாய். "அக்விட் எண்டால் நீ குற்றம் செய்யேல்ல எண்டு தீர்ப்பு. அது விடுதலை. இது விடுவிப்பு. போ எண்டு சொல்லியிருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப, நான் செய்யல்ல எண்டு ஒருத்தனும் சொல்லல்ல."

 பிறகுதான் மகளிடம் போனாய்.

அடுத்த கிழமை பழைய வேலையைக் கேட்டு கொம்பனிக்குப் போனாய். மனேஜர் உன்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி, தேத்தண்ணியும் தந்து, "விட்டதுதானே, குற்றமில்லை எண்டு சொல்லேல்லையே" என்றாராம். வித்தியாசம் அந்த ஆளுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. உன்னைப் பாழாக்குவதற்குத் தேவையான அளவு இங்கிலீஷ் எல்லோரிடமும் இருந்தது.

ஈரல் வருத்தம் உனக்குப் பிறகுதான் வந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்து எலும்பும் தோலுமானாய். ஒருநாள் உன் மனைவி போனில், "அல்ஹம்துலில்லாஹ், நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணுறாங்களாம்!" என்று சொன்னாள். ஓடிவந்தேன். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வந்தால், உன் மனைவி உடுப்புகளை மடித்து பேக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம், "இது எந்த டிஸ்சார்ஜ் எண்டு எனக்கு வெளங்கிட்டு. அவக்கிட்டச் சொல்லிராத" என்றாய்.

உன்னை அடக்கிய அன்று மையவாடிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உன்னைச் சுமந்து வந்தவர்களில் அந்தக் கிரேன்காரரும் ஒருவர். எல்லாம் முடிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்ல மனுஷன். அண்டைக்கு நிப்பாட்டச் சொன்னவர்தான். ரெண்டு தரம் கத்தினவர்."

அவர் பக்கம் திரும்பினேன். "இதை இங்க வந்து ஏன் சொல்லுறீங்கள்? கோட்டில சொல்லியிருக்க வேணும்."

"எனக்கும் பிள்ளைகள் இருக்குதானே."

"அவனுக்கும் ஒண்டு இருக்கு" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். சைகை காட்டிய மற்றவரைத் தேடிப் போனேன். கட்டாரில் உழைக்கும் மகன் கட்டிக் கொடுத்த வீட்டு வாசலில் நின்று, தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றார்.

சென்ற மாதம் உன் மகளுக்கு ஒரு சம்மந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளையின் மாமா விசாரிக்க என் வீடு தேடி வந்தார். பண்பாகத்தான் கதைத்தார். "அந்தக் கேஸ் வெண்டதா?" என்று கேட்டார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். மையவாடியில் கேட்டதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கோட்டு அப்பிடிச் சொல்லல்ல" என்று எழும்பினார். அந்தச் சம்மந்தம் அதோடு நின்றது.

உன் மகள் என்னிடம் வந்தாள். அழவில்லை. உன்னைப் போலவே நேராகக் கேட்டாள்: "அங்கிள், வாப்பா குற்றம் செய்யல்ல எண்டு எங்கயாவது ஒரு இடத்தில எழுதியிருக்கா?"

"இல்லம்மா."

"நீங்க எத்தினையோ எழுதுறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே எழுதுகிறேன். இது தீர்ப்பில்லை; எந்தக் கொம்பனியும் எந்த மாப்பிள்ளை வீடும் இதை ஏற்றுக்கொள்ளாது. உன்மேல் இருக்கும் அன்பைவிட அவர்கள்மேல் இருக்கும் வெறுப்புத்தான் இப்போது எனக்குள் அதிகம். வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அவர்களை மன்னித்துவிடு என்று நீ சொல்லியிருப்பாய். எனக்கு ஏலாது. வடம் அறுவதற்கு முன் நீ நிறுத்தச் சொன்னாய். இரண்டு தரம், கிரேன்வரை கேட்கும்படி கத்திச் சொன்னாய். உன் மகள் வாசிப்பதற்காக, அதை என் கையால் எழுதி என் பெயரையும் கீழே போடுகிறேன்.