செவ்வந்திக்கு வேண்டிய இருட்டு

பூவரசங்குளம்
25.08.2024

அன்புள்ள மருமகள் சுதாஜினிக்கு,

பூமியில் ஒருவரும் நம்பமாட்டாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து எழுதப்போகிறேன். வட்ஸ்அப்பில் சொன்னால் நீ உடனே படம் கேட்பாய். புளுகுக்குப் பரம எதிரி படம். ஆகவே தபால்.

தை மாதம் இங்கே நடக்கப்போகிற உன் கலியாணத்துக்கு மாலையும் மணவறையும் என் வீட்டு வளவுச் செவ்வந்திதான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். உன் அம்மா இருந்திருந்தால் அவள் கட்டியிருப்பாள். தங்கச்சியின் இடத்தில் நான்தானே நிற்கவேண்டும்.

செடிகளோ வானத்தை முட்டுகின்றன. ஒன்றின் உச்சியில் ஏறிப் பார்த்தேன், மன்னார்க் கடல் தெரிந்தது. ஆனால் மொட்டு மட்டும் மருந்துக்கும் இல்லை. நீ வேலை செய்கிற பூப்பண்ணைப் படத்தில் கண்ணாடிக்கூடம் முழுக்கச் சிவப்பு வெளிச்சம் கண்டேனே, பூவின் இரகசியம் அதுதான் என்று பிடித்துக்கொண்டேன். யானை கிட்ட வராமலிருக்க விடிய விடிய எரிகிற எங்கள் வேலியோர லைட்டுக்குச் சிவப்பு பல்ப் மாட்டினேன். சுவிட்ச் என் வீட்டில், வெளிச்சம் பின்வளவுக் கணபதி வீட்டுக்கும். இப்போது தெருவால் போகிறவர்கள் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். செடியில் இலைதான் பெருகுகிறது.

"உங்கட வாய் பூக்கிறது போதாதே, செவ்வந்தி வேறயோ?" என்கிறா உன் மாமி.

இப்படிக்கு,
செவ்வந்திச் சமஸ்தானத்து மகாராசா
அப்புத்துரை மாமா

ஹொலண்ட்
15.09.2024

அன்புள்ள மாமா,

உங்கட கடிதத்தைப் பிரதாபனுக்கு வாசிச்சுக் காட்டினனான். கலியாணம் கட்டப்போற மனுசன், மன்னார்க் கடலையும் நம்பிட்டார், பாவம்.

பிழை அந்தச் சிவப்பு பல்ப்தான், மாமா. செவ்வந்தி இரவின்ர நீளத்தைப் பாத்துத்தான் பூக்கும். இரவு நீளமாய், இடையில வெளிச்சம் படாமல் இருந்தால்தான் மொட்டு வைக்கும். வெளிச்சம் பட்டால் இரவு குறுகிப்போச்சு எண்டு நினைச்சு இலையாய்த் தள்ளும். அதிலயும் சிவப்பு கொஞ்சம் பட்டாலே காணும். நாங்கள் இங்க சிவப்பு போடுறதே பூ முந்திப் பூக்காமல் மறிக்கத்தான். பூ வேணுமெண்டால் கறுப்புத் திரை இழுத்து மூடுறம்.

லைட்டை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. கணபதி அண்ணை வீட்டுக்கும் அதுதானே காவல். பொழுதுபடப் பாத்திக்கு மேல கறுப்புப் படங்கு இழுத்து மூடி, விடிய எடுங்கோ. கொஞ்ச வேலைதான், ஆனா ஒரு நாளும் விடக்கூடாது.

அம்மாவுக்கு மஞ்சள் செவ்வந்திதான் விருப்பம். நீங்கள் கட்டின மாலைதான் போடுவன்.

அன்புடன்,
சுதா

பூவரசங்குளம்
08.12.2024

அன்புள்ள மருமகளுக்கு,

மொட்டு! ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. பாரம் தாங்காமல் பூமி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. ஹொலண்டில் கோப்பை உருண்டால் பயப்படாதே.

படங்கு இழுத்தேன்தான். முதல் கிழமையே இடுப்பு முறிந்தது. விரலடியில் சுவிட்ச் இருக்க, ஒரு மகாராசா படங்கு இழுப்பதா? லைட்டை நூர்த்து வளவை இருட்டாக்கிவிட்டேன். யானை இந்தப் பக்கம் வந்தும் கனகாலம்.

அது யானைகளுக்குக் கேட்டிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை தொண்ணூறு யானை, முன்னால் மேளம், பின்னால் நாதஸ்வரம், வரிசையாக வந்தன. யானைகளில் பெரியவர், கணபதி வீட்டுச் சுவரில் முதுகு சொறிந்தார், சுவர் அப்பளம். கணபதியின் பெண்சாதி ஞானேஸ்வரி அப்படியே பறந்துபோய்ப் பூநகரியில் விழுந்து கால் முறித்துக்கொண்டா. போகும்போது பெரியவர் என்னிடம், "அண்ணை, கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்லேல்லையே?" என்று கோபித்தார். செவ்வந்தியில் ஓர் இலைகூடத் தொடவில்லை.

இப்படிக்கு,
யானைகளுக்கும் அண்ணன்
அப்புத்துரை மாமா

ஹொலண்ட்
22.12.2024

அன்புள்ள மாமா,

சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது. அந்தப் பெரியவருக்குக் கட்டாயம் கலியாணக் கார்ட் அனுப்பச் சொல்லிப் பிரதாபன் நிக்கிறார். பூநகரியில விழுந்த ஞானேஸ்வரி அக்காவை பஸ் ஏத்திக் கூட்டிவாங்கோ. அம்மா இல்லாத இடத்தில அவாதான் எனக்குக் கூறை உடுத்திவிட வேணும். அவாட்டச் சொல்லி வையுங்கோ.

உண்மையாய் லைட்டை நூர்க்கேல்லைத்தானே?

அன்புடன்,
சுதா

பூவரசங்குளம்
06.01.2025

அன்புள்ள சுதாஜினிக்கு,

பூ விரிந்துவிட்டது. நல்ல மஞ்சள். ஒன்றும் வெட்டவில்லை. மாலைக்கு வவுனியாவில் கடையில் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொறுத்துக்கொள்.

நீ சிரித்ததில் பிழையில்லை. சிரிக்கும்படிதான் எழுதினேன், வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை. வந்தது ஒரு யானை. மேளமில்லை. அது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஞானேஸ்வரி எங்கும் பறக்கவில்லை, சுவருக்குக் கீழே கிடந்தா. லைட்டை நூர்த்ததும் அவவின் கால் முறிந்ததும் மெய். கம்பி வைத்திருக்கிறார்கள். உனக்குக் கூறை உடுத்திவிட அவவால் நிற்க ஏலாது.

நான் லைட்டை நூர்த்த மறுநாளே கணபதி வேலியால் எட்டிக் கேட்டவன்.

"அண்ணை, பல்ப் பழுதாப் போச்சோ?"

"ஓம், வவுனியாவுக்குப் போகேக்க வாங்கிறன்."

பிறகு அவன் கேட்கவே இல்லை. என் கதை ஒன்றைக்கூட நம்பாத மனுசன், இதை நம்பிக்கொண்டு இருட்டுக்குள் இருந்திருக்கிறான்.

ஞானேஸ்வரியை ஆசுபத்திரியில் விட்டுவிட்டு வரும்போது அவனே புது பல்ப் வாங்கி வந்தான். "உங்களுக்கு வயசு போட்டுது, ஏணியில ஏறாதேங்கோ" என்று தானே ஏறி மாட்டினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது லைட் எரிகிறது. பொழுதுபடப் படங்கு இழுத்து மூடுகிறேன். பெரிய வேலையே இல்லை.

மாமி என்னோடு கதைப்பதில்லை. இன்று பின்னேரம் கணபதியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அப்புத்துரை அண்ணையின் இன்னொரு கதை என்று அவனும் சிரித்துவிடுவானோ என்றுதான் பயமாக இருக்கிறது.

மாமா