நாற்காலி எண்ணப் போனவள்

ஜூன் 3, செவ்வாய்

மருமகள் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு எட்டு நாள். நான் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிய அதே ஆஸ்பத்திரி, அதே பதிவேட்டுப் பிரிவு, ஜன்னலோரம் அதே மேஜை. இரண்டாவது இழுப்பறை இன்னும் பாதிக்கு மேல் திறப்பதில்லையாம். "முழங்காலால ஒரு இடி இடி, திறக்கும்" என்றேன். இடித்தாளாம், திறந்ததாம். நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 4, புதன்

பெருமை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் கேட்கிறாள்: "அத்தை, ஆபீஸ்ல யாரையாவது காணோம்னா 'நாற்காலி எண்ணப் போயிருக்கார்'னு சொல்றாங்களே, அது எப்படி வந்துச்சு? வேலைன்னு வந்தா கழண்டுக்கறவங்களை எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க. யாரைக் கேட்டாலும் தெரியல."

"எனக்கும் தெரியலம்மா. நான் சேர்றதுக்கு முந்தியே இருந்திருக்கும்" என்றேன்.

முந்தியாவது பிந்தியாவது. அது நான்தான்.

எழுதிவிடுகிறேன், இந்த நோட்டாவது தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். இருபத்தாறு வருஷத்துக்கு முன் அப்போதைய தலைமை மருத்துவருக்குப் பிரிவுபசார விழா. அலுவலகம் சார்பில் மூன்று நிமிடம் பேச யார் என்று கேட்டார்கள். கை தூக்கினேன். என்னை யார் தூக்கச் சொன்னது? நாலு பக்கம் எழுதி, ஒரு வாரம் மனப்பாடம் செய்து, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். என்னை மேடைக்கு அழைத்தபோது, அரங்கத்துக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைக்கும் இருட்டறையில் இருந்தேன். தேடி வந்தது, அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு கடைநிலை ஊழியர். எந்நேரமும் கையில் டார்ச் வைத்திருப்பதால் எல்லோருக்கும் அவர் டார்ச். என் முகத்தில் வெளிச்சம் அடித்து, "இங்க என்ன பண்றீங்க மேடம்?" என்றார். வாயில் வந்தது: "நாற்காலி எண்ணிட்டிருக்கேன்."

அந்த வெள்ளந்தி மனுஷன் நேரே மேடைக்குக் கீழே போய் நின்று, "நாற்காலி எண்ணப் போயிருக்காங்க சார்" என்றார், ஊருக்கே கேட்கிற குரலில். தலைமை மருத்துவர் மைக்கிலேயே, "எண்ணி முடிச்சதும் வரச் சொல்லுப்பா" என்றார். சிரிப்பு சுவரைத் தாண்டி என் காதுக்கு வந்தது. நான் போகவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து, பிரமாதமாகப் பேசினேன், தலைமை மருத்துவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று சொன்னேன். அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் இந்த வீட்டில் இருபத்தாறு வருஷ ஆட்சி. மகன் பேச்சுப்போட்டிக்குப் பயந்து அழுதபோது, "நீ யார் வயித்துல பொறந்தவன்னு நெனச்சுப் பாரு" என்று அதட்டியதும் அதை வைத்துத்தான். மருமகளுக்குக் கல்யாணமான முதல் வாரமே சொல்லியாகிவிட்டது. பிறகும் பத்து தடவை சொல்லியிருப்பேன்.

இப்போது அவள் அங்கே உட்கார்ந்துகொண்டு எப்படி வந்தது, எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 5, வியாழன்

டார்ச் இன்னும் வேலையில்தான் இருக்கிறாராம். லிஃப்டில்.

ஜூன் 9, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு ஐம்பதாவது ஆண்டு. மலர் போடுகிறார்கள். அதில் 'நம் ஆஸ்பத்திரிப் பேச்சு' என்று சில பக்கங்கள்: இங்கே புழங்கும் சொல்வழக்குகள், அவை பிறந்த கதைகள். புதிதாக வந்தவள் என்று என் மருமகள் தலையில் கட்டிவிட்டார்கள்.

"நீங்கதான் காப்பாத்தணும் அத்தை. 'மூணாவது மாடிக்குப் போயிடுச்சு'ங்கறாங்களே, அது என்ன?"

போன கோப்பு திரும்பி வராவிட்டால் அப்படிச் சொல்வோம். கட்டடத்துக்கு இருப்பதே இரண்டு மாடி. இந்தப் பேச்சு எப்படி வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். சொன்னேன்: முதலில் மூன்று மாடி கட்டுவதாகத்தான் திட்டம். மூன்றாவது மாடிக்கென்று ஒரு குமாஸ்தாவை முன்கூட்டியே நியமித்தும் விட்டார்கள். கட்டடம் இரண்டோடு நின்றுவிட்டது. மனுஷன் என்ன செய்வார்? தினமும் மொட்டை மாடியில் குடை பிடித்து உட்கார்ந்து, வருகிற கோப்பையெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கி, "மாடி கட்டினதும் அனுப்பிடறேன்" என்பாராம். ஓய்வு பெறும்வரை அதையேதான் சொன்னாராம்.

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நிஜமாவா அத்தை?"

"பின்னே, நான் பொய் சொல்வேனா?" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று 'பச்சைக் குடை'. இரவல் போய்த் திரும்பாத எந்தப் பொருளுக்கும் அங்கே அதுதான் பெயர். "என் ஸ்டேப்ளர் பச்சைக் குடை ஆயிடுச்சு" என்பார்கள். இதில் மருந்தகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் சண்டையாம். குடையைப் பறிகொடுத்தவர் எங்கள் ஆள்தான் என்று இரண்டு பக்கமும் மல்லுக்கு நிற்கிறார்கள். எடுத்துப் போனவர் எங்கள் ஆள் என்று ஒருவரும் வரவில்லை.

நான் பஞ்சாயத்து செய்தேன். குடை முதலில் கறுப்புதான். இரவல் வாங்கியவர் வீட்டுக் கொல்லையில் வருஷக்கணக்காகக் கிடந்து பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. சொந்தக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு, "அது என் குடைதானே?" என்று கேட்க, "உங்களுது கறுப்பாச்சே" என்று சொல்லிவிட்டாராம்.

மருமகள் எழுதிக்கொண்டே, "அத்தை, உங்க தலைக்குள்ள ஒரு ரெக்கார்டு ரூமே இருக்கு" என்றாள். இரண்டு வருஷமாக எங்களுக்குள் "சாப்டியா", "சாப்டாச்சு" தவிரப் பெரிதாகப் பேச்சு இருந்ததில்லை. இப்போது ஆறு மணி ஆனால் வாசலைப் பார்க்கிறேன். பொய் சொல்வதற்காகத்தான் என்றாலும் பார்க்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

இன்னும் இரண்டு பக்கம் நிரப்ப வேண்டுமாம். பொதுவான சொற்களையும் சேர்க்கலாமாம்.

டிமிக்கி கொடுப்பது: டிமிக்கி என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு வாட்ச்மேன் இருந்தார். வருகைச் சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நழுவினால் சாயங்காலம் அவரே பெட்டியில் போட்டுவிடுவார். "சீட்டு எங்கே?" "டிமிக்கிகிட்ட கொடுத்தாச்சு." கம்பி நீட்டுவது: ஜன்னல் கம்பியை நெம்பி வழி பண்ணிக்கொண்டு வெளியேறிய ஒல்லிக் கணக்கரின் கதை. அவரைப் பார்த்து அதே வழியில் கிளம்பிய தலைமை எழுத்தர் ஒல்லி இல்லை. தீயணைப்பு வண்டி வர வேண்டியதாயிற்று.

எழுதிக் கொடுத்த பிறகு யோசித்தேன். கம்பி நீட்டுவது, டிமிக்கி கொடுப்பது, நழுவுவது, கழன்றுகொள்வது, ஜகா வாங்குவது. ஓடிப் போவதற்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! அத்தனையும் எனக்கு எப்படி மளமளவென்று வருகின்றன?

ஜூன் 20, வெள்ளி

"நாற்காலி மட்டும்தான் பாக்கி அத்தை. திங்கட்கிழமை டார்ச் அண்ணனைக் கேக்கப் போறேன். அவர்தான் ரொம்பப் பழைய ஆளாம்."

அதற்கு முன்னால் நான் அவரைப் பார்த்தாக வேண்டும்.

ஜூன் 21, சனி

ரத்த அழுத்தம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருமகள் அரை நாள் வேலை முடிந்து கிளம்பும்வரை வெளிநோயாளி வரிசையில் முகத்தைத் தாளால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது அறுபத்தொன்று.

டார்ச் லிஃப்டுக்குள் ஸ்டூலில் இருந்தார். தலை நரைத்துவிட்டது. டார்ச் மட்டும் புதுசு.

"அந்த விழா... நாற்காலி..." என்று இழுத்தேன்.

"மறப்பேனா மேடம்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாராவது கேட்டாத்தானே சொல்றதுக்கு. இருபத்தாறு வருஷமா யாரும் என்னை எதுவும் கேக்கல. எத்தனாவது மாடின்னு நான்தான் அவங்களைக் கேக்கறேன்."

இரண்டு மாடி ஏறி இறங்கினோம். பிறகு அவராகவே சொன்னார்: "மலர்ல டாக்டருங்க போட்டோ எல்லாம் வருதாம். இந்த லிஃப்டு போட்டோ கூட வருதாம். எம் பொண்ணு வாங்கிப் பாத்துட்டு, 'நீ எங்கப்பா இருக்கே'ன்னா என்னத்தைக் காட்டுவேன் மேடம்?"

"காட்டலாம்" என்றேன். "மருமக வந்து கேட்டா, விவரமெல்லாம் மேடத்துக்குத்தான் தெரியும்னு சொல்லிடுங்க."

ஜூன் 23, திங்கள்

எழுதியாயிற்று. பெரிய விழா ஒன்றுக்கு முந்தின நாள் மின்சாரம் போய்விட்டது. எத்தனை நாற்காலி இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஓர் இளம் ஊழியர் தன்னந்தனியாகக் கையில் டார்ச்சோடு இருட்டறைக்குள் போய் எண்ணி, குறைந்ததை எங்கெங்கோ கேட்டுத் தூக்கி வந்து, விடிவதற்குள் போட்டு முடித்தார். மறுநாள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் உட்காரவில்லை. ஆகவே 'நாற்காலி எண்ணப் போயிருக்கிறார்' என்றால், கண்ணில் படாமல் உழைக்கிறார் என்று பொருள். நாளடைவில் சோம்பேறிகள் அதைக் கெடுத்துவிட்டார்கள்.

மருமகள் கண் கலங்கிவிட்டாள். எனக்கே கொஞ்சம் கலங்கியது, அதுதான் வெட்கக்கேடு.

ஜூலை 1, செவ்வாய்

நுணலும் தன் வாயால் கெடும்.

மலர் வெளியீடு பதினெட்டாம் தேதி. கதைகளைத் தந்தவர் என்று முதல் பிரதி எனக்காம். வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். "எங்க அத்தை பேசினா தலைமை மருத்துவரே அழுவாருன்னு சொல்லிட்டேன்" என்கிறாள் மருமகள், சந்தோஷமாக. அதே அரங்கம். அதே மேடை.

ஜூலை 10, வியாழன்

மகனும் லீவு போட்டுவிட்டு வருகிறானாம். பேச்சைப் பதிவு செய்ய வேண்டுமாம். என்ன அவசரம் இவனுக்கு. என் உயிரை வாங்கவென்றே பெத்துப் போட்டிருக்கேன்.

ஜூலை 17, வியாழன்

பல்வலி என்று சொல்லலாமா? எல்லாப் பல்லையும் போன வருஷம்தான் எடுத்தோம். எல்லோருக்கும் தெரியும்.

ஜூலை 19, சனி

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

மேடை ஏறினேன். ஏறிவிட்டேன், அதுவே பெரிசு. முதல் பிரதி கொடுத்தார்கள், கை தட்டினார்கள். மைக்குக்கு முன்னால் நின்று காகிதத்தைப் பிரித்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது. இடதுபுறம் பார்த்தேன். நாற்காலி அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. பத்தடிதான். கால் அந்தப் பக்கம் திரும்பியே விட்டது.

முன்வரிசையில் மருமகள். கன்னத்தில் கை வைத்து, வாய் லேசாகத் திறந்து, நான் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தேனோ இல்லையோ, சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்த நாற்காலிக் கதை பொய், ஓடிப் போய் ஒளிஞ்சது நான்தான், நாலு பக்கம் மனப்பாடம் பண்ணியும் ஒரு வரி பேசலை, வீட்ல பேசினேன்னு புளுகினேன். "ஆனா ஒண்ணு, சும்மா உக்காந்திருக்கல. நிஜமாவே எண்ணினேன். நூத்திப் பதினாறு. அதுல நாலு உடைஞ்சது."

அரங்கம் அதிர்ந்தது. சிரித்தார்கள், தட்டினார்கள், ஒருவர் விசில் அடித்தார். ஒரு ஆள்கூட நம்பவில்லை.

"இல்ல, நிஜமாத்தான் சொல்றேன்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். யாரோ, "டார்ச் அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்று கத்தினார். மூன்றாவது வரிசையில் அவர் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பக்கத்தில் மனைவி, மகள். மகள் மடியில் மலர், அவருடைய பக்கம் திறந்தபடி. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"மேடம் தன்னடக்கத்துல பேசறாங்க. மலர்ல இருக்கறதுதான் நடந்தது" என்றார்.

அவருக்கு எனக்குத் தட்டியதைவிட அதிகம் தட்டினார்கள். தலைமை மருத்துவர் நன்றியுரையில் என் நகைச்சுவை உணர்வைப் பாராட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துச் சிரித்து. ஆக, இருபத்தாறு வருஷமாக நான் சொல்லிவந்தது ஒருவழியாக உண்மையாகிவிட்டது.

மகன் வண்டி ஓட்டிக்கொண்டே, "அம்மா, செம கதைம்மா. எப்படிம்மா இப்படியெல்லாம் தோணுது" என்றான். மருமகள் மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "மாத்திரை போட்டீங்களா அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 28, திங்கள்

மலர் வந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் யாரையும் திட்ட முடியவில்லையாம். எழுத்தர் எங்கே என்றால், "நாற்காலி எண்ணப் போயிருக்கார் சார்" என்று பயபக்தியோடு சொல்கிறார்களாம். தலைமை மருத்துவரும், "பாவம், எண்ணட்டும்" என்று விட்டுவிடுகிறாராம்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரியில் ஆய்வுக் கூட்டம். பதிவேட்டுப் பிரிவில் எட்டுப் பேரில் மூன்று பேரைக் குறைக்கப் போகிறார்கள். கூடாது என்று எல்லோர் சார்பிலும் பேச மருமகளை நிறுத்தியிருந்தார்கள். காலையில் இட்ட சாப்பாடு அப்படியே இருந்தது.

பதினொன்றே காலுக்குப் போன்.

"அத்தை."

"என்னம்மா, குரலே வரலையே?"

"நாற்காலி எண்ணிட்டிருக்கேன்."

அவள் அழைத்தது என் மகனை அல்ல, தன் அம்மாவை அல்ல. அப்படியென்றால் அந்த அரங்கத்தில் ஒருத்தி நம்பியிருக்கிறாள்.

"எத்தனை ஆச்சு?" என்றேன்.

"நாப்பத்தி ரெண்டு."

"பாதியில விடாத. முழுசா எண்ணிட்டுப் போ. நான் அன்னைக்கு எண்ணி முடிச்சும் போகல, நீ போ. நான் லைன்லயே இருக்கேன்."

வாய்விட்டு எண்ணினாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, போகட்டும் என்று விட்டேன். எண்பதுக்கு மேல் குரல் கொஞ்சம் தெளிந்தது. நூறு தாண்டியதும், "கூப்பிடறாங்க, வெச்சுடறேன்" என்றாள்.

ஆறு மணிக்கு வந்தாள். கைப்பையை வைத்தாள், தண்ணீர் குடித்தாள். நானாகக் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

"பேசினியா?"

"பேசினேன். நடுவுல ரெண்டு தடவை நின்னுட்டேன். அப்புறம் பேசினேன். யாரையும் வேலையிலேர்ந்து எடுக்கலையாம்."

புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆனா அத்தை, கூட்டம் முடிஞ்சதும் திரும்பப் போய் மிச்சத்தையும் எண்ணினேன். உடைஞ்சது சேர்த்து நூத்தி ஒன்பதுதான் இருக்கு. ஏழு குறையுது."

"மூணாவது மாடிக்குப் போயிருக்கும்" என்றேன்.