பனி சரிந்த ஞாயிறு

ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்
பெப்ரவரி, செவ்வாய்

அன்பு மகள் யாதவிக்கு,

இந்தக் கடிதம் கனடாவில் கல்கரிக்கு வந்து சேரும்போது உன் இருமல் நின்றிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் தம்பியும் கடவுள் புண்ணியத்தில் முழுதாக இருக்கிறோம். முழுதாக என்று ஏன் எழுதுகிறேன் என்பதைக் கீழே வாசி. அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கதிரையில் இருந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். நீ மலையேறிச் சறுக்குகிற ஸ்கீ வாங்கியதாகச் சொன்ன நாளிலிருந்து உன்மேல் கோபமாக இருக்கிறாள். போனில் சொல்ல வெளிக்கிட்டால் இடையில் அழுதுவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு எனக்கு பஸ் ஓட்டும் முறை இல்லை. தம்பி துஷாந்தன் தன் கூட்டாளி லூக்காஸுடன் ஸ்கீயில் மலையேறப் போகிறேன், கேபிள் கார் நிற்கிற உணவகம்வரை நீங்களும் வாங்கோ, வெயிலில் இருந்து சூப் குடிக்கலாம் என்று எங்களையும் கூட்டிப் போனான். அன்றைய பனிச்சரிவு அறிவித்தலில் மூன்றாம் படி என்று போட்டிருந்தது. ஐந்துதானே கடைசி, இது நடுவில்தானே என்றேன். அப்பிடி நினைக்காதேங்கோ அப்பா, ஆக்கள் கூடுதலாச் சாகிறது இந்த மூண்டிலைதான் என்றான். அதைக் கேட்டு அம்மா சூப்பைத் தொடவில்லை.

உணவக முற்றத்தில் ஒரு தொலைநோக்கி உண்டு. அதில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காடு முடிகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அதற்கு மேலே வெறும் வெள்ளைச் சரிவு. பின்னால் தனியே வந்த ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். தம்பி கைகளை வீசிக் கூப்பிடுவது தெரிந்தது, அவர் கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். இவர்கள் காட்டுப்பக்கம் திரும்பினார்கள். திரும்பி வாறான் என்றேன், அம்மா பெருமூச்சு விட்டாள்.

அப்போதுதான், மகள், அந்த மலை அசைந்தது. முதலில் சத்தமே இல்லை. யாரோ கேக் வெட்டியதுபோல் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, கோட்டுக்குக் கீழே இருந்த முழுச் சரிவும் ஒரே துண்டாக நகர்ந்தது. பிறகுதான் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. மரங்களைவிட உயரமாக வெண்புகை எழும்பி எங்கள் முற்றம்வரை வந்து முகத்தில் பனித்தூள் கொட்டியது. பயம் வருவதற்கு முதல் எனக்குப் பிரமிப்புத்தான் வந்தது. எத்தனையோ வருஷம் பஸ் கண்ணாடிக்குள்ளால் படம்போலப் பார்த்த மலைக்கு இவ்வளவு பலமா என்று வாயைத் திறந்தபடி நின்றேன். அம்மா என் சட்டைக்கையைப் பிடித்து உலுக்கியபிறகுதான் பிள்ளை நினைவு வந்தது.

புகை அடங்கியபோது மேலே போனவரைக் காணவில்லை. காட்டுக்குள்ளிருந்து இவர்கள் இருவரும் வெளியே வந்தார்கள். எங்களிடம் வரவில்லை, சரிந்து குவிந்த பனியை நோக்கிப் போனார்கள். மேலே இன்னும் விழாத பனி தொங்கிக்கொண்டிருந்தது. பனிக்குள் புதைந்தவரைத் தேடும் கருவியைக் கையில் பிடித்து, தொலைந்த தோட்டைத் தேடுகிறவர்கள் மாதிரிக் குனிந்து குனிந்து நடந்தார்கள். நீளக் கம்பியால் குத்தினார்கள், பிறகு மண்வெட்டியை எடுத்தார்கள். என்ன செய்யிறான் என்று அம்மா கேட்டாள். தோண்டுறான் என்றேன். வரச்சொல்லிக் கத்துவாள் என்று நினைத்தேன். என் கையை விட்டுவிட்டு, தோண்டட்டும் என்றாள்.

அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார். தோள் முறிந்ததோடு போயிற்று, ஹெலிகொப்டர் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

வீட்டுக்கு வரும்போது தம்பிதான் கதையைத் தொடங்கினான். காலுக்குக் கீழை பனி வும் எண்டு இறங்கினது அப்பா, அதுதான் திரும்பினம் என்றான். முன்பு விழுந்த பனி அடியில் சீனிமாதிரி உதிர்ந்துபோய்க் கிடக்கிறதாம், மேலே காற்று அடித்துக் கொண்டுவந்த புதுப்பனியை அது தாங்காதாம். உன் சொல்லைக் கேட்காத ஆளுக்காக ஏன் போனாய் என்று கேட்டேன். கேக்கேல்லை எண்டதுக்காக விட்டிட்டு வர ஏலுமே அப்பா என்றான்.

போகாதே என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் அந்த மலையைப் பார்த்துவிட்டு, அதைப் பார்க்காதே என்று உனக்கு எப்படிச் சொல்ல? தனியே மட்டும் போகாதே. உன்னைத் தோண்டி எடுக்கக்கூடியவர்களோடு போ, நீயும் தோண்டப் பழகிக்கொண்டு போ. பனி சத்தம் போட்டால், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடு.

அம்மன் துணை எப்போதும் உனக்கு இருக்கட்டும். மலையிலிருந்து இறங்கியதும் இங்கே எத்தனை மணியென்று பாராமல் போன் எடு, அம்மா முழித்துத்தான் இருப்பாள்.

உன் அன்பு அப்பா,
இரவீந்திரன்