பதினெட்டாம் தேதி வர வேண்டாம்

மண்ணூர்,
10.8.2004, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள சுகப்பிரியா அக்காவுக்கு,

முத்துச்செல்வி எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்புக்குச் சுகம். நீயும் ஹாஸ்டல் சாப்பாட்டோடு சண்டை போடாமல் இருக்க வேண்டும். உன் சான்றிதழ்கள் இன்னும் நீ வேலை பார்த்த கல்லூரியில்தான் இருக்கின்றன. அதற்குக் காரணம் நான். முதல் வரியிலேயே இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னிடம் ஃபோனில், "ஃபைலு ரெடியாகல, ரெண்டு நாள்ல தந்துருவாங்க" என்று சொன்னார் அல்லவா? அது உண்மை இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் சொன்னது.

நடந்தது வெள்ளிக்கிழமை. நீ சொல்லிவிட்டுப் போனபடியே அப்பா கம்பெனி வேனை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டு உன் கல்லூரிக்குப் புறப்பட்டார். எனக்கு மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லாததால் நானும் போனேன். ஆபீசில் இருக்கும் ரத்னா அக்கா என்னைப் பார்த்ததும், "இன்னா பாப்பா, அக்காவுக்கு மஞ்ச காமால எப்டி கீது? கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். நாம் சொல்லி வைத்த பொய்தானே என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதுவரைக்கும் நான் சரியாகத்தான் இருந்தேன்.

முதல்வர் பாண்டுரங்கன் சார் நாற்காலியைக் காட்டியும் அப்பா உட்காரவில்லை. "டாக்டர் மூணு மாசம் ரெஸ்டுல இருக்கச் சொல்லிட்டாரு சார். பிள்ளையள் படிப்புக் கெடக் கூடாதுல்லா, நீங்க வேற ஆள் பாத்துக்கிடுங்க" என்றார். இந்தப் பாடத்துக்கு ஆள் கிடைப்பதே பெரிய பாடு என்று அவர் சலித்துக்கொண்டார். ஆனாலும் மணியடித்து உன் ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். அக்கா, நான் பார்த்தேன். பச்சை ஃபைல். நாடாவை அவிழ்த்தாகிவிட்டது. மேலே உன் பிளஸ் டூ மார்க் ஷீட் இருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட அப்பா பேனாவைக்கூட வாங்கிவிட்டார்.

அப்போது முதல்வர் என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா ஆகப்போற?" என்று கேட்டார். என்னிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. "அக்கா மாதிரி பயோஇன்ஃபர்மேடிக்ஸ் புரொஃபசர் ஆவேன் சார்" என்றேன். அவர் சிரித்தார். "உங்க அக்கா வெறும் லெக்சரர்தானேம்மா. புரொஃபசர் ஆகணும்னா பிஎச்.டி. வேணுமே" என்றார். உன்னை மட்டமாகப் பேசுகிறார் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. "அதான் சார் ஐதராபாத்ல சேந்துட்டா! நாப்பது பேர்ல மூணு பேரைத்தான் எடுத்தாங்க. காசநோய்க் கிருமியோட புரதத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டுப் பாக்குறா" என்றேன். உன் கைடு பெயரையும் சொன்னேன். நிறுத்தவே இல்லை.

அவர் ஃபைலை மூடினார். கோபப்படவில்லை. அப்பா பேனாவைப் பிடித்தபடியே நின்றார்.

பிறகு முதல்வர் ஒரு வழி சொன்னார். பதினெட்டாம் தேதி பல்கலைக்கழக ஆய்வுக் குழு வருகிறது. இந்தப் பாடத்தில் பட்டம் வாங்கிய ஆசிரியர் என்று காட்ட அவர்களிடம் உன்னைத் தவிர யாரும் இல்லை. "அன்னைக்கு ஒரு நாள் வந்து அவங்க சீட்ல உக்காரட்டும். சாயங்காலமே ஃபைலைக் கையில குடுத்துடறேன்" என்றார். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பதினேழாம் தேதி காலையில் வந்து, பதினெட்டாம் தேதி இரவு ரயிலில் ஏறினால் இருபதாம் தேதிக் கெடுவுக்குள் நீ ஐதராபாத்தில் ஒரிஜினல்களைக் காட்டிவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், என்னைப் பார்க்காமல். வீட்டு வாசலில்தான், "வாயை மூடிக்கிட்டு இருன்னுதானட்டி சொல்லிக் கூட்டிட்டுப் போனேன்" என்றார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. நான் எதிரிலேயே இருந்தாலும், "அவளுக்குச் சோத்தைப் போடு" என்று அம்மாவிடம்தான் சொல்கிறார். உன்னைப் பதினெட்டாம் தேதி வரச் சொல்லி அவர் எழுதிய கடிதமும் உனக்கு வரும்.

அக்கா, நீ வரக் கூடாது.

நேற்றுக் காலை பஸ் ஸ்டாப்பில் ரத்னா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "போன வருசம் பரசுராமன் சாரையும் இப்டித்தான் ஒரு நாளுன்னு கூப்ட்டாங்க. சாயங்காலம் ஒரு பேப்பரை நீட்டி, வருசம் முடியற வரைக்கும் வேலை பாக்கறேன்னு கையெழுத்துப் போட்டாதான் ஃபைலுன்னாங்க. போட்டாரு. அப்பவும் குடுக்கல. அவருக்கு வந்த கவர்மென்ட் வேலையும் பூடுச்சு. இன்னும் இங்கதான் கீறாரு. தலையில முடிதான் இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. நீ படிக்கிற இடத்திலிருந்து ஒரு கடிதம் ரிஜிஸ்டர் தபாலில், பல்கலைக்கழகத்துக்கும் ஒரு நகல் அனுப்பியதாகப் போட்டு வந்தால், முதல்வர் பயந்துகொண்டு கொடுத்துவிடுவாராம். "நான் சொன்னேன்னு மட்டும் யார் கைலயும் சொல்லிடாத பாப்பா, எனக்கு ரெண்டு புள்ளைங்க" என்றார்.

பெயர் சொல்லாமல் இதை அப்பாவிடம் சொன்னேன். "பெரிய மனுசன் வாயால சொல்லியிருக்காருல்லா. இவ பேசினது போதும்னு சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னார். நான் பேசியது போதும்தான். ஆனால் இதை உன்னிடம் சொல்ல எனக்கு வேறு வாய் இல்லை.

சான்றிதழ் வீட்டில் இருக்கிறது, தபாலில் வரும் என்று உன் கைடிடம் சொல்லி வைத்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். வேலையைச் சொல்லாமல் விட்டு வந்தவள் என்று நினைப்பாரே என வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இந்தக் கடிதம் ஸ்பீடு போஸ்டில் வியாழக்கிழமை கிடைக்கும். அன்றைக்கே அவர் அறைக்குப் போ. எல்லாவற்றையும் சொல். கடிதம் எழுதித் தரச் சொல். இருபதாம் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேள். திட்டினால் நின்று வாங்கிக்கொள். இடமே இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. நேற்றிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். கெமிஸ்ட்ரி டெஸ்டில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மா நீ வருவதாகவே முடிவு செய்துவிட்டாள். வல்லக்கோட்டை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். உன் கட்டிலில் அடுக்கியிருந்த துணிகளை எடுத்துவிட்டு வேறு விரிப்புப் போட்டிருக்கிறாள். "ஒரு நாளாவது பிள்ளை முகத்தைப் பாக்கலாம்லா" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஃபோன் செய்து, "வாரியாம்மா?" என்று கேட்பார். காய்ச்சல், பரீட்சை என்று எதுவும் சொல்லாதே. வரவில்லை என்று மட்டும் சொல். அப்பா சத்தம் போடுவார். பிறகு அம்மா வாங்கி அழுவாள். அப்போதும் வரவில்லை என்றே சொல். என்னிடம் கொடுக்கச் சொல்லி மட்டும் கேட்காதே, அக்கா. உன் குரலைக் கேட்டால் நான் வா என்று சொல்லிவிடுவேன்.

படித்ததும் கிழித்துவிடு. ரத்னா அக்கா பெயர் இருக்கிறது.

பதினெட்டாம் தேதி உன்னை எதிர்பார்க்காமல் இருக்கும்,
உன் தங்கை,
இ. முத்துச்செல்வி.