காக்காய்க்கு வைத்த கேசரி

அண்ணே,

இன்று உங்கள் திதிக்காகக் குளத்தூர் வந்தேன். கேசரிக்குப் போடும் அந்த மஞ்சள் கலர்ப்பொடி டப்பா அடுப்படியில் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபம் துளிகூட ஆறவில்லை.

அந்தப் பொடியைத் தண்ணீரில் கலந்து மாதக்கணக்கில் எலிகளுக்குக் கொடுத்துத்தான் நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினேன். அதிகமாகக் குடித்த எலிகளின் ஈரலில், ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தடுக்கும் நொதிகள் குறைந்திருந்தன. சிதைவின் அடையாளங்கள் கூடியிருந்தன. ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். மிட்டாய்க்கடைக் கல்லாவில் இருந்தபடியே, "ஒன் எலி எங் கடைக்கு வந்து கேசரி கேட்டுச்சா?" என்றீர்கள். கடையே சிரித்தது.

அதோடு விட்டீர்களா? பட்டம் உறுதியான அன்று கல்லூரிக்கே தூக்குச்சட்டி நிறையக் கேசரி கொண்டுவந்தீர்கள், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கலர் போட்டு. "சாப்புடுங்க சார், எந் தங்கச்சி எலிக்குக் கொடுத்தது போக மிச்சம்" என்று என் பேராசிரியர்களிடமே நீட்டினீர்கள். எனக்கு மானம் போயிற்று.

தினமும் பதம் பார்க்கிறேன் என்று ஒரு கிண்ணம் தின்பீர்கள். சாராய வாடையே அறியாத உங்களுக்கு ஈரல் கெட்டது. எதனால் என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை. கலர்தான் என்று நானும் சத்தியம் செய்ய மாட்டேன். எலி வேறு, மனிதன் வேறு. ஆனால் நிறுத்திப் பார்த்திருக்கலாமே! ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "எலி டாக்டர் வந்துட்டா, எல்லாரும் எந்திரிங்க" என்று கேலிதானே பேசினீர்கள்?

இன்றைய படையலுக்கு நான்தான் கேசரி கிண்டினேன், கலர் போடாமல். கொல்லைச் சுவரில் இலையை வைத்ததும் காக்காய் வந்தது. வடையைத் தின்றது, சோற்றைத் தின்றது, கேசரியைத் தொடவில்லை. "பாத்தியாத்தா, அவுகளுக்கு மஞ்சளா இருந்தாத்தான் எறங்கும்" என்று மதினி ஒரு சிட்டிகைப் பொடியைக் கலந்து மறுபடி வைத்தார். உடனே வந்து கொத்தியது. "வந்துட்டாக" என்று மதினி அழுதார். மற்றவர்கள் கும்பிட்டார்கள்.

நான் கையை ஓங்கி, "போதும்ண்ணே, தின்னாதீங்க!" என்று கத்திவிட்டேன். காக்காய் பறந்து வேப்பமரத்தில் உட்கார்ந்தது. எல்லோரும் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும். நீங்கள் மறுபடி வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓங்கிய கையை இறக்காமல் நின்றேன்.